பச்சைத் தோல் விமானங்கள் ஆற்றைக் கடக்கும் ஊர்

நாலு அடி. சுவரில் இருந்த அந்தக் கோட்டைத் தலை தொட்டால்தான் உள்ளே விடுவார்கள். என் மகளின் உச்சந்தலைக்கும் கோட்டுக்கும் நடுவே என் மூன்று விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. "கொஞ்சம் எக்கி நில்லு கண்ணு" என்று அப்பா அவள் காதில் கிசுகிசுத்தது, அங்கே நின்ற பெண்மணிக்கு மொழி புரியாமலே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார். 2014 ஜூலை மாதம், அமெரிக்காவில் சியாட்டிலுக்கு வடக்கே இருக்கும் எவரெட் நகரத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போன கதை இது.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போயிருந்தோம். உயர விதி இணையதளத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. டிக்கெட் விலையைப் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை. கைப்பேசி, கேமரா, கைப்பை எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதையும் பார்க்கவில்லை. அம்மா கொண்டுவந்த முறுக்கு டப்பா முதற்கொண்டு எல்லாம் லாக்கருக்குப் போனது. மூன்று பெரியவர்கள் உள்ளே போனார்கள். நானும் ஆறு வயது மகளும் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அப்பா வந்து சொன்ன முதல் வாக்கியம்: "தம்பி, அத்தாம் பெரிய பட்டறையில ஒரு ஒட்டடை இல்லப்பா."

அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவர். அவருக்கு உலகத்தில் எந்த வாகனத்தைப் பார்த்தாலும் கண் போவது ஷீட் சேரும் இடத்துக்குத்தான். அவர் போய்ப் பார்த்தது, கொள்ளளவில் உலகத்திலேயே பெரிய கட்டடம் என்று பெயரெடுத்தது. சுமார் 1.33 கோடி கன மீட்டர். ஒரே கூரைக்குக் கீழே 98 ஏக்கர். அப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஒட்டடைதான் பட்டது. பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட சான்றிதழ் இல்லை.

நாங்கள் 2012ல் சியாட்டிலுக்குத் தெற்கே இருக்கும் ரென்டனுக்குக் குடிவந்தோம். நான் விமானத் துறைக்காரன் கிடையாது. மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவுக்கு மென்பொருள் பார்க்கிறவன். வாடகை குறைவு என்பதற்காகத்தான் ரென்டன். வந்து ஆறு மாதத்துக்கு, சியாட்டில் என்றால் மழையும் காபியும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே நாம் பழகும் ஆட்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆட்கள். அவர்களுடைய சியாட்டில் வேறு. அதற்கடியில் இன்னொரு ஊர் இருக்கிறது. கை விரலில் அலுமினியக் கீறல் வாங்கிய ஊர்.

சியாட்டில் விமானம் கட்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். முதல்முறை பார்க்க வருகிறவர்கள் குழம்புவதும் இங்கேதான். மூன்று இடங்கள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு. நகரத்துக்குத் தெற்கே போயிங் ஃபீல்டு: பழைய ஆலைகள் இருந்த இடம், இப்போது முடிந்த விமானங்களைச் சோதித்து ஒப்படைக்கிற இடம், அருங்காட்சியகமும் அங்கேதான். வாஷிங்டன் ஏரியின் தென்முனையில் ரென்டன்: 707, 727, 757 ரக விமானங்கள் எல்லாம் இங்கே கட்டப்பட்டவை, இப்போது 737. வடக்கே எவரெட்: 2022 வரை 747, அதோடு 767, 777 போன்ற பெரிய வயிற்றுக்காரர்கள். பொதுமக்களுக்கான சுற்றுலா எவரெட்டில் மட்டும்தான். "ரென்டன் ஃபேக்டரிக்கு டிக்கெட் எங்கே வாங்குவது?" என்று இதுவரை என்னிடம் கேட்ட நண்பர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். கிடையாது. ஆனால் டிக்கெட்டே இல்லாமல் ரென்டனில் பார்க்க முடிவதை எவரெட்டில் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது. அதற்கு வருகிறேன்.

ஏன் இந்த ஊர் என்று கேட்டால், மரம். வில்லியம் போயிங் மர வியாபாரி. அந்தக் காலத்து விமானம் என்பது மரச்சட்டமும் துணியும்தான், அதற்குத் தோதான ஸ்ப்ரூஸ் மரம் இங்கே காடாக வளர்ந்தது. 1916ல் முதல் விமானத்தை யூனியன் ஏரியிலிருந்து பறக்கவிட்டார். டுவாமிஷ் ஆற்றங்கரையில் படகு கட்டிக்கொண்டிருந்த சிவப்பு மரக்கொட்டகை ஒன்று தொழிற்சாலை ஆனது. அந்தக் கொட்டகையை 1975ல் தெப்பத்தில் ஏற்றி ஆற்று வழியாகவே கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் இன்னும் மர வாசனை அடிக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

ஜெட் கதை தொடங்குவது ரென்டனில். 1954 மே மாதம் இங்கிருந்து வெளியே உருண்டு வந்தது டாஷ் 80 என்கிற மாதிரி விமானம், மஞ்சளும் பழுப்புமாக. வாங்குவதாக ஒரு விமான நிறுவனமும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. கம்பெனி தன் கைக்காசு 1.6 கோடி டாலரைப் போட்டுக் கட்டியது. ஜூலை 15 அன்று முதல் பறப்பு. அடுத்த வருஷம் ஆகஸ்டில், வாஷிங்டன் ஏரியில் படகுப் பந்தயம் பார்க்க ஊரே கரையில் கூடியிருந்தபோது, டெக்ஸ் ஜான்ஸ்டன் என்கிற சோதனை விமானி அந்தப் பெரிய நாலு எஞ்சின் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி எடுத்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. பார்த்தவர்களில் உலகத்து விமான நிறுவனத் தலைவர்களும் இருந்தார்கள். மறுநாள் முதலாளி கூப்பிட்டு என்ன கூத்து இது என்று கேட்டதற்கு, விமானம் விற்றுக்கொண்டிருந்தேன் என்றாராம். இந்த ஊரில் எழுபது தாண்டிய யாரைக் கேட்டாலும் அன்று தான் கரையில் இருந்ததாகச் சொல்வார்கள். எல்லோரும் இருந்திருந்தால் கரை தாங்கியிருக்காது.

அந்த டாஷ் 80 தான் 707க்குத் தாய். 1960ல் ஏர் இந்தியாவுக்கு வந்த முதல் ஜெட் விமானங்கள் 707 தான். பம்பாயிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நம்மவர்கள் முதன்முதலாக ஜெட்டில் போனது இந்த ஏரிக்கரையில் கட்டிய விமானத்தில்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1966ல் இருபது வயதில் ரென்டன் ஆலையில் சேர்ந்தவர். முதலில் 727 இறக்கை, பிற்பாடு 757 இறக்கை. இடது காது அவருக்குச் சரியாகக் கேட்காது. பேசுவதென்றால் வலது பக்கமாகப் போய் நிற்க வேண்டும். அவருடைய மாமியார் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதே ஆலையில் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்கு ரிவெட் அடித்தவராம். ரென்டனில் மட்டும் 1,119 பி-29 கட்டியிருக்கிறார்கள், அடித்த கைகளில் கணிசமானவை பெண்களுடையவை.

அப்பா வந்திருந்த அந்தக் கோடையில் இரண்டு பேரும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். நடுவில் மொழிபெயர்க்க நான். ரிவெட் வேலை எப்போதும் இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியால் அடிப்பார், உள்ளே இன்னொருவர் கனமான இரும்புக்கட்டியை ரிவெட்டின் வாலில் முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் எடுபடாது. அதனால் தட்டு. ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு தட்டு, சரி, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டு, இது கெட்டுப்போச்சு, பிடுங்கு. அப்பா பாதியிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் பட்டறையில் அந்த இரும்புக்கட்டிக்கு டாலி என்று பெயர். "உள்ள டாலி பிடிக்கிறவனுக்குத்தான் காது போகும். இவரு உள்ளயா இருந்தாரு, கேளு" என்றார். கேட்டேன். முதல் நாலு வருஷம் இறக்கைக்குள்ளே படுத்துக்கொண்டு டாலி பிடித்திருக்கிறார்.

மறுநாள் அப்பாவை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அப்போதெல்லாம் பெரிய விமானங்கள் வெட்டவெளியில் மழையில் நின்றன. 2016ல்தான் கூரை போட்டார்கள். முதன்முதலில் பறந்த 747, முதல் 737, ஒரு கான்கார்டு, அமெரிக்க அதிபரின் முதல் ஜெட் விமானம் எல்லாம் அங்கே உண்டு. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 737இன் வயிற்றுக்குக் கீழே போய் நின்று அரை மணி நேரம் நகரவில்லை. "தலையே காணமே" என்றார். பஸ்ஸில் ரிவெட் தலை குமிழாக வெளியே நிற்கும். இங்கே ஷீட்டில் சின்னதாகக் குழி எடுத்து, தலையை அதற்குள்ளே உட்கார வைத்து, மட்டமாக்கிவிடுகிறார்கள். காற்று தடுக்காமல் வழுக்கிப் போகவேண்டும். "நம்ம பஸ்ஸு அறுபதுல போகுது, அதுக்கு இது வேண்டியதில்ல" என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். வருகிறவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல்: மாதத்தின் முதல் வியாழக்கிழமை மாலை 5 முதல் 9 வரை இந்த அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வயதான பெற்றோரோடு வந்தால் காசு கொடுத்துப் பகலிலேயே போங்கள். நாலு மணி நேரத்துக்குள் முடியாது, நடுவில் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும்.

இப்போது ரென்டன். சீடார் ஆறு ஊருக்கு நடுவே வந்து ஏரியில் கலக்கிறது. ஆற்றின் கிழக்குக் கரையில் ஆலை, மேற்குக் கரையில் ஓடுபாதை. அதாவது கட்டி முடித்த ஒவ்வொரு 737உம் பறப்பதற்கு முன்னால் பாலத்தில் ஆற்றைக் கடந்தாக வேண்டும். கிழக்குக் கரையோரமாகவே பொது நடைபாதை போகிறது. ஒரு பக்கம் ஆலை வேலி, மறுபக்கம் தண்ணீர். ஒரு நாள் காலை நடையில், இழுவை வண்டிக்குப் பின்னால் ஒரு முழு விமானம் சத்தமே இல்லாமல் பாலத்தில் ஊர்ந்து போவதைப் பார்த்தேன். பச்சை நிறம். வர்ணம் அடிக்கும் முன் அலுமினியத்தில் கீறல் படாமலிருக்கப் பூசும் பாதுகாப்புப் பூச்சு அது. பறக்கும் விமானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நடக்கும் வேகத்தில் போகும் விமானம் என்னமோ யானை தெருவைக் கடப்பது போல இருக்கும்.

எந்த நாட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, பெரியவர் சொல்லிக் கொடுத்தது. வாலைப் பாருங்கள். வால் செங்குத்தின் பின்பகுதியில் ஆடும் சுக்கான் மட்டும் முன்கூட்டியே வர்ணம் பூசி வரும். அது எடை சமன் பார்த்துப் பொருத்த வேண்டிய உறுப்பு. மாட்டிய பிறகு வர்ணம் அடித்தால் சமன் கெட்டுவிடும். அதனால் உடம்பெல்லாம் பச்சை, வாலில் மட்டும் வாங்கியவரின் நிறம். 2022ல் ஒரு நாள் அந்தப் பச்சை வரிசையில் நம்மூர் ஆகாசா விமான நிறுவனத்தின் நிறத்து வாலைப் பார்த்துவிட்டு என் மகள் போட்ட சத்தத்தில் ஆற்று வாத்துகள் கலைந்து போயின.

போகிறவர்கள் வாரநாளில் போங்கள், பத்து மணிக்கு மேல். அதற்கு முன்னால் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி எதுவும் தெரியாது. மதியம் இரண்டரை வாக்கில் ஷிப்ட் மாறும், அப்போது லோகன் அவென்யூவில் காரை நுழைத்தால் அரை மணி நேரம் போச்சு. செப்டம்பர், அக்டோபரில் வந்தால் இரட்டை லாபம். ஆற்றின் குறுக்கே பாலம் போல 1966ல் கட்டிய நூலகம் இருக்கிறது. அதன் ஓரத்தில் நின்று குனிந்தால், சிவந்த சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறுவது தெரியும். அந்த நூலகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் விமானம். இப்படி ஒரு ஊர் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே எழும்பும் விமானம் பெரும்பாலும் திரும்பி இங்கே இறங்காது. ஓடுபாதை சுமார் 1,640 மீட்டர்தான். வெறும் வயிற்றோடு எழும்பி, சோதனை முடித்து, போயிங் ஃபீல்டு போன்ற வேறு இடத்தில் இறங்கிவிடும். "பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி" என்றார் அம்மா.

இன்னொரு காட்சி ஹவுசர் வே தெருவில். ரென்டன் கடைத்தெருப் பக்கம் தண்டவாளம் தெருவோடு ஒட்டிப் போகிறது. கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் செய்யப்படும் 737இன் உடற்கூடு முழுசாக, இறக்கையும் வாலும் இல்லாமல், சரக்கு ரயிலில் ஏறி சுமார் 3,000 கிலோமீட்டர் கடந்து இந்தத் தெரு வழியாக ஆலைக்குப் போகும். முடிவெட்டும் கடை வாசலில் உட்கார்ந்திருப்பீர்கள், எதிரே பச்சை விமானம் ஒன்று ரயிலில் போகும். அப்பா வந்திருந்த அதே ஜூலையில்தான் மொன்டானாவில் அந்த ரயில் தடம்புரண்டு மூன்று உடற்கூடுகள் கிளார்க் ஃபோர்க் ஆற்றில் சரிந்தன. பச்சை விமானங்கள் ஆற்றில் கிடக்கும் படம் எல்லாச் செய்தியிலும் வந்தது. ரயிலில் வந்த ஆறு கூடுகளையும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பெரியவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்பா மட்டும், "நசுங்கின ஷீட்ட தட்டி எடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். மாட்டார்கள் என்றதும், "அப்ப சரி, ஏறலாம்" என்றார். திரும்பிப் போகும் விமானத்தைப் பற்றிய கவலை அது.

பெருமையைப் பற்றியே பேசினால் இந்த ஊரை அறிந்ததாகாது. பெரியவர் வேலையில் சேர்ந்து நாலு வருஷத்தில் வேலை போனது. 1967ல் சியாட்டில் வட்டாரத்தில் போயிங் ஆட்கள் ஒரு லட்சம். 1971ல் நாற்பதாயிரத்துக்கும் கீழே. 747க்குக் கொட்டிய பணம் திரும்பி வரவில்லை, விமான நிறுவனங்கள் வாங்குவதை நிறுத்தின, ஒலியை மிஞ்சும் விமானத் திட்டத்துக்கு அரசாங்கம் கைவிரித்தது. அந்த வருஷம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு ரியல் எஸ்டேட் ஆட்கள் ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள்: சியாட்டிலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும். கேலிதான். ஆனால் ஐம்பது வருஷம் கழித்தும் ஊர் அதை மறக்கவில்லை. அந்த ஒலிமிஞ்சு விமானத்தின் பெயரில் சூப்பர்சோனிக்ஸ் என்று கூடைப்பந்து அணி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். விமானம் வரவேயில்லை, 2008ல் அணியும் ஊரை விட்டுப் போய்விட்டது.

பெரியவர் வீடுகளுக்கு வெள்ளையடித்தார், அலாஸ்காவில் மீன்பிடிப் படகில் போனார், திரும்பக் கூப்பிட்டதும் வந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி அதே கதை. எங்களை முதல் வருஷம் பார்த்தபோது அவர் கேட்ட கேள்வி, ஆறு மாத வாடகை தனியாக எடுத்து வைத்திருக்கிறாயா என்பது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, முன்பின் தெரியாதவர் என் பணத்தைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று. இந்த ஊரில் அது நலம் விசாரிப்பது மாதிரி என்று பிற்பாடுதான் விளங்கியது.

விளங்கியது 2020ல். 2018 அக்டோபர், 2019 மார்ச் என்று இரண்டு 737 மேக்ஸ் விழுந்து 346 பேர் இறந்தார்கள். உலகம் முழுக்க அந்த ரகத்தைத் தரையிறக்கினார்கள். ஆனாலும் ஆலை கட்டிக்கொண்டே இருந்தது, ஒப்படைக்க முடியாத விமானங்கள் ஊழியர் கார் நிறுத்தும் இடத்தில்கூட நின்றன. 2020 ஜனவரியில் விமானம் கட்டும் வரிசையே நின்றது. பின்னாலேயே கொரோனா. உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஒப்பந்த வேலையிலிருந்த என் நண்பருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வேலை போனது. எச்-1பி விசா. வேலை போன நாளிலிருந்து வேறு வேலை தேட 60 நாள்தான் அவகாசம். கையில் சேமிப்பு மூன்று வாரத்துக்கு. புது கார் தவணை வேறு. கடைசியில் வேறு துறைக்கு மாறித் தப்பித்தார், ஆனால் அந்த இரண்டு மாதம் அவர் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. விமானத் துறையை நம்பி இங்கே வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: நீங்கள் போயிங்கில் இல்லாவிட்டாலும் போயிங்கில்தான் இருக்கிறீர்கள். உதிரிபாகக் கடை, உணவகம், பள்ளிக்கூட வரிப்பணம் எல்லாம் அந்த ஒரு வரிசையின் வேகத்தோடு கட்டியவை. வரிசை என்றால் நிஜமாகவே நகரும் வரிசை. நிமிடத்துக்கு 2 அங்குலம் நகரும்.

வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. நாங்கள் 2016ல் ஒரு வீட்டை ஜூலை மாதத்து வெயிலில் பார்த்துப் பிடித்துப்போய் முன்பணம் வரை போனோம். பெரியவர்தான் ஒரு மழை நாளில் மறுபடி போய் நிற்கச் சொன்னார். கோடையில் காற்று வடக்கிலிருந்து. விமானங்கள் காற்றுக்கு எதிராக ஏரிப் பக்கம் எழும்பிப் போய்விடும், வீட்டுக்குச் சத்தமே கேட்காது. மழைக்காலத்தில் காற்று தெற்கிலிருந்து, திசை மாறிவிடும். போய் நின்றோம். பேச்சு நின்றது. வாங்கவில்லை.

மேக்ஸ் வருஷங்களில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன், ஒரு தடவை வாயைச் சுட்டுக்கொண்டு. பெரியவரின் பழைய சகாக்கள் அவர் வீட்டில் கூடியிருந்தபோது, எடுத்த எடுப்பில் விபத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போதெல்லாம் யாரையாவது சந்தித்தால் "எந்த லைன்?" என்று மட்டும் கேட்கிறேன். 727 இறக்கை, 757 மின்கம்பி, 747 மூக்கு என்று ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் அவர்களாகவே விபத்துக்கு வந்துவிடுகிறார்கள். வந்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். தலைமையகம் 2001ல் சிகாகோவுக்குப் போன நாளிலிருந்து கணக்கு ஆரம்பமாகும். விமானம் கட்டத் தெரிந்தவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு முதலாளி போய்விட்டார் என்பது அவர்கள் கட்சி. அது முழு உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 2024 ஜனவரியில் பறக்கும்போதே ஒரு விமானத்தில் கதவுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போன அன்று, அவர்கள் முகத்தில் இருந்தது வெட்கம்தான். தாங்கள் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும், யாரோ மாட்டாமல் விட்ட போல்ட்டுக்கு.

அதே வருஷம் செப்டம்பர் 13ல் வேலைநிறுத்தம். 33,000 பேர், 53 நாள். ஆலை வாசல்களில் பீப்பாயில் விறகு போட்டு எரித்துக்கொண்டு ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். எழுபத்தெட்டு வயதுப் பெரியவரும் மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்தார். நான் பிளாஸ்கில் இஞ்சி டீ போட்டுக் கொண்டுபோனேன். முதல் நாள் முகர்ந்து பார்த்தார்கள், மூன்றாம் நாள் பெரிய பிளாஸ்க் இல்லையா என்று கேட்டார்கள். அங்கே நின்ற பொழுதில் கிடைத்த ஊர்க்கதைகள் அருங்காட்சியகத்தில் இல்லை.

மகளின் நாலு அடி விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வயதில் அவள் கோட்டைத் தாண்டிவிட்டாள். ஒரு மணி நேர தூரம்தானே, அடுத்த கோடையில் போகலாம், அதற்கடுத்த கோடையில் போகலாம் என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். விருந்தினர் வரும்போது மட்டும் ஊரைப் பார்க்கிற வியாதி. 2020 மார்ச்சில் சுற்றுலாவை மூடினார்கள். 2021ல் 787 கட்டும் வேலை முழுவதும் தெற்கு கரோலினாவுக்குப் போனது. 2022 டிசம்பரில் கடைசி 747 ஆலையை விட்டு வெளியே வந்தது, 1,574வது விமானம். 2023 பிப்ரவரி முதல் தேதி அது எவரெட்டை விட்டுப் போகும்போது, போன வழியே வானத்தில் ஒரு கிரீடமும் அதற்குள் 747 என்ற எண்ணும் வரும்படி பறந்தது. கண்ணுக்குத் தெரியாது, கைப்பேசி வரைபடத்தில்தான் தெரியும். மகள் பள்ளியிலிருந்து அதன் படத்தை எனக்கு அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

2023 அக்டோபரில் சுற்றுலா மறுபடி திறந்தது. அடுத்த வசந்தத்தில் போனோம், இந்த முறை விதிகளை இரண்டு தரம் படித்துவிட்டு. 777 இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. மேல்தளத்திலிருந்து குனிந்து பார்த்தவள், ஒட்டடை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். தாத்தா சொல்லி அனுப்பிய வேலை.

ரென்டன் ஆலைக்குள்ளேயும் போக வேண்டும் என்கிறாள் இப்போது. அதற்கு அங்கே வேலைக்குச் சேர்ந்தால்தான் உண்டு. அதுவரை சனிக்கிழமைகளில் ஹவுசர் வேயில் காபிக் கடை ஜன்னலோரம் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்கிறோம். போன வாரம் நாலு கூடு வந்தது. கடைசிக் கூட்டில் யாரோ சுண்ணக்கட்டியால் ஏதோ எழுதியிருந்தார்கள். படிப்பதற்குள் போய்விட்டது.